வலி மாத்திரையா, ஊசியா? முதுகு இறுகுவதைத் தள்ளிப்போட எது உதவுகிறது

காலையில் பல் துலக்கக் குனிய முடியாது. மாட்டுக்கு வைக்கோல் போட்டு, கொல்லைக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்தால் முதுகு இளகும். எங்கள் மன்னார்குடி பக்கம் இதை வாய்வுப் பிடிப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் நாலு வருடம் எண்ணெய் தேய்த்தே ஓட்டினேன். உழைத்த வலி படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். இதன் பெயர் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சுருக்கமாக ஏ.எஸ். அழற்சியால் முதுகு இறுகி, போகப்போக முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் நோய்.

வலி குறைவது வேறு, முள்ளெலும்புகள் ஒட்டுவது தள்ளிப்போவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் மருந்துகளை ஒப்பிட முடியாது.

முதல் மருந்து நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள்தான். விலை குறைவு, பலருக்கு நன்றாகவே கேட்கும். எலும்பு ஒட்டுவதைத் தடுக்குமா? தினமும் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது என்று 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மாத்திரையை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் வலி இல்லாத நாளிலும் தடுப்புக்காக விழுங்குவதை நான் ஏற்கமாட்டேன். அறுப்பு நேரத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இதைப் போட்டால் சிறுநீரகம்தான் அடி வாங்கும்.

அடுத்தது உயிரியல் ஊசிகள், அதாவது அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கிற மருந்துகள். அடலிமுமாப் 2 வாரத்துக்கு ஒன்று, செகுகினுமாப் தொடக்க ஊசிகளுக்குப் பின் மாதம் ஒன்று. சீக்கிரம் தொடங்கி வருடக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்கு எலும்பு ஒட்டும் வேகம் குறைவதாகத் தெரிகிறது. தள்ளிப்போடும் விஷயத்தில் இப்போதைக்கு நம்பிக்கை வைக்கக்கூடியது இதுதான். இரண்டையும் 2 ஆண்டு நேருக்கு நேர் ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எதை எடுப்பது? கண் அடிக்கடி சிவந்து வலித்தால் அடலிமுமாப். சொரியாசிஸ் இருந்தால் செகுகினுமாப். குடல் அழற்சி இருந்தால் செகுகினுமாப் வேண்டாம். எந்த ஊசிக்கும் முன் காசநோய்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், 2 முதல் 8 டிகிரி குளிரில் ஊசியை வைத்திருக்க வேண்டும். 2018 கஜா புயலில் எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஈரத்துணி சுற்றி, பானைக்குள் வைத்துப் பார்த்தேன். ஊசி வீணாகிப்போனது.

அந்த வகையில் டோஃபாசிட்டினிப் என்ற அழற்சியை அடக்கும் மாத்திரை சௌகரியம், ஃபிரிட்ஜ் வேண்டாம். ஆனால் எலும்பு ஒட்டுவதைக் குறைக்கும் என்பதற்கு ஊசிக்கு இருக்கிற அளவு நீண்டகாலச் சான்று இதற்கு இல்லை. அக்கி வரலாம். புகைப்பவர்களும் இதய நோயாளிகளும் 65 தாண்டியவர்களும் மிகவும் யோசிக்க வேண்டும். மற்ற மூட்டுவாதங்களுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் முதுகுத்தண்டுக்குப் பயன் தராது.

உடற்பயிற்சியை இவற்றோடு போட்டியில் நிறுத்த வேண்டாம். எந்த மருந்தானாலும் அது கூடவே வேண்டும். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், அது நோயை வேகப்படுத்துகிறது. முதுகில் ஏறி மிதித்துச் சொடக்கு எடுக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள், இறுகிய எலும்பு முறிந்துவிடலாம்.

இரண்டு வகை வலி மாத்திரைகளை முழு அளவில் சில வாரம் போட்டும் காலை இறுக்கம் போகவில்லையா? மூட்டுவாத மருத்துவரிடம் ஊசியைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். நான் அதைக் கேட்கவே தாமதித்தேன். திண்ணைச் சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டி நின்றால் என் பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் நுழையும். ஊசி தொடங்கிய வருடமும் அதே மூன்று விரல்தான், அதற்குப் பிறகு கூடவில்லை.