டமாஸ்கஸ் 1148: மேற்கா, கிழக்கா?

இரண்டாம் சிலுவைப் போரில் முஸ்லிம் நகரமான டமாஸ்கஸை முற்றுகையிட வந்த கிறிஸ்தவப் படைகள் முன் இரண்டு பக்கங்கள் இருந்தன.

மேற்கே பழத்தோட்டங்கள். குடிக்க பரதா ஆறு, பசிக்குப் பழங்கள். ஆனால் உள்ளே குறுகிய பாதைகளும் மண்சுவர்களும்தான். ஒளிந்திருந்து அம்பு எய்ய அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஜூலை 24 அன்று பிரான்சின் ஏழாம் லூயி, ஜெர்மனியின் மூன்றாம் கான்ராட், ஜெருசலேமின் மூன்றாம் பால்ட்வின் என்ற மன்னர்கள் மூவரின் படைகளும் ரத்தம் சிந்தித்தான் ஆற்றங்கரையைப் பிடித்தன.

கிழக்கே வெட்டவெளி. மதில் பலவீனம் என்று சொன்னார்கள், குதிரைகளுக்கும் வசதி. சரி, தண்ணீர்? இல்லை. உணவும் இல்லை. ஜூலை 27 அன்று அங்கே மாறியதும், கைவிட்ட தோட்டங்களை நகரத்தார் மீண்டும் பிடித்து வழியை அடைத்துவிட்டார்கள். மறுநாளே பின்வாங்கல்.

லஞ்சம் வாங்கியவர்கள் இடம் மாற்றச் சொன்னார்கள் என்று அப்போதே பேச்சு எழுந்தது. எனக்கோ, நகரத்தைக் காக்க அலெப்போவின் முஸ்லிம் ஆட்சியாளர் நூருத்தீனின் உதவிப்படை நெருங்குகிறது என்ற பதற்றமே பெரிய காரணமாகத் தோன்றுகிறது. ஆனாலும் மேற்கிலேயே நின்றிருக்க வேண்டும். தண்ணீரை விட்டு நகர்ந்த படைக்கு ஜூலை வெயிலில் மதிலின் பலவீனம் எதற்கு? டமாஸ்கஸோ முன்பு ஜெருசலேமோடு உடன்பாட்டில் இருந்த நகரம். 1154இல் நூருத்தீன் கைக்குப் போனது.