இரண்டு கட்டையில் மைல்ஸ் டேவிஸ்: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வா, ‘டைம் அவுட்’டா?

ஜாஸ் கேட்க ஆரம்பிக்கிறேன், ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். பதில் சொன்ன இருவருக்கும் இடையில் உடனே வாக்குவாதமும் கிளம்பும். இரண்டுமே 1959இல் வெளியானவை. நியூயார்க் 30ஆம் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தது கொலம்பியா நிறுவனம். இரண்டும் அங்கேதான் பதிவாயின. ஒலிப்பதிவாளரும் ஒருவரே, ஃப்ரெட் ப்ளாட். அதனால் ‘ரெக்கார்டிங் தரம்’ என்ற வழக்கமான சாக்கு இங்கே செல்லாது. மிஞ்சுவது கேட்பவரின் காதுதான். தமிழ்க் காது என்றால் அது தாளத்தில் பழகியதா, ராகத்தில் பழகியதா என்பதே பாதி தீர்ப்பை எழுதிவிடுகிறது.

முதலில் டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’. ஏழு உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிருதங்கமோ தவிலோ கேட்டு வளர்ந்தவர்களை முதல் நிமிடத்திலேயே பிடித்துக்கொள்ளும். ‘ப்ளூ ராண்டோ அல்லா டர்க்’ ஒன்பது எண்ணிக்கையில் ஓடுகிறது. நாம் ஒன்பதை நாலும் ஐந்துமாகப் பிரித்துப் பழகியவர்கள். இங்கே அது ‘தக தக தக தகிட’ என்று மூன்று முறை வந்து, நான்காம் முறை ‘தகிட தகிட தகிட’ என்று மாறும். இந்தச் சொற்கட்டை வாயில் சொல்லிக்கொண்டே கேட்டால் இரண்டாம் சுற்றில் பிடிபட்டுவிடும்.

‘டேக் ஃபைவ்’ இதைவிட ஏமாற்றும். ஐந்து என்றதும் கை தானாகக் கண்ட சாபு போடும்: தக தகிட, இரண்டும் மூன்றும். பாட்டு போவதோ தகிட தக, மூன்றும் இரண்டும். கண்ட சாபுவில் ஆரம்பித்தவர்களுக்கு எட்டுப் பத்து சுற்றுக்குள் பியானோ எதிர்த்தட்டில் விழுவதுபோல் ஒரு நெருடல் வரும். பலர் இதை ‘ஜாஸ்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். தவறு கையில் இருக்கிறது. பிரிவை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பாட்டு நேராக வந்து உட்காரும். நடுவில் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனி. அது முழுக்கப் பியானோ ஒரே இரண்டு கார்டுகளை (ஒன்றாக அமுக்கும் ஸ்வரக் கூட்டுகளை) திருப்பித் திருப்பி வாசிக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் பாடகர் கையில் தாளம் போட்டுக் காட்டுகிறாரே, அதே வேலை. ஒரு எச்சரிக்கை: தொகுப்பு ஆல்பங்களில் பெரும்பாலும் வானொலிக்காக வெட்டிய சிங்கிள் பதிப்பு இருக்கும், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தனி அதில் கிட்டத்தட்ட இல்லை. ஐந்தரை நிமிடத்தை ஒட்டி ஓடுவதுதான் ஆல்பத்தில் உள்ளது.

குறை என்ன? தாள வித்தை பெரும்பாலும் பல்லவியோடு நின்றுவிடுகிறது. ‘ப்ளூ ராண்டோ’வில் தனி வாசிப்பு தொடங்கியதும் ஒன்பது போய்ச் சாதாரண நாலு வந்துவிடும். சங்கீர்ண (ஒன்பது எண்ணிக்கை) நடையில் கோர்வை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு, இலை போட்டுவிட்டுச் சாம்பாரோடு எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். சாக்ஸபோன் வாசிக்கும் பால் டெஸ்மண்டின் குழைவு மட்டும் எத்தனை தரம் கேட்டாலும் தேயவில்லை. மற்ற உருப்படிகள் சுமார் ரகம். ‘த்ரீ டு கெட் ரெடி’யில் மூன்று எண்ணிக்கை இரண்டு பார் (பார் என்பது மேற்கத்திய தாளத்தின் ஒரு சிறு சுற்று), நாலு எண்ணிக்கை இரண்டு பார் என்று மாறிமாறி வருவது நல்ல விளையாட்டு.

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முதல் கேட்பில் இந்த அளவுக்குக் கைகொடுக்காது. ஐந்து உருப்படிகள், முக்கால் மணி நேரம். எங்கும் அவசரம் கிடையாது. டிரம்ஸில் ஜிம்மி காப் பெரும்பாலும் சிம்பலில் நடை காத்துக்கொண்டே போகிறார். ‘என்னய்யா, ஓட்டல் லாபியில் போடுற மியூசிக்’ என்று லயப் பிரியர்கள் பாதியில் எழுந்துபோவது இதனால்தான். ஆலாபனைக்குப் பழகிய காது இதே இடத்தில் உட்கார்ந்துவிடும்.

‘ஸோ வாட்’டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று 32 பார், பாருக்கு நாலு தட்டு. ஆதி தாளத்தில் கணக்குப் போட்டால் 16 ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனம் இரண்டு கட்டை சுருதியில் (மேற்கே D) நிற்கிறது. அடுத்த நான்கு அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறி, கடைசி நான்கில் மறுபடி இரண்டுக்கு இறங்கிவிடும். ஸ்வரக் கட்டு இரண்டு இடத்திலும் ஒன்றே: சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். மேற்கே டோரியன் என்பார்கள், நமக்குக் கரகரப்பிரியா. கார்டு நொடிக்கு நொடி மாறும் பெபாப் என்ற வேக ஜாஸைவிட இது நம் காதுக்குச் சுலபமாக இறங்கக் காரணம் இதுதான். ஆதார சட்ஜம் நகராமல் நிற்பதால் ஸ்வரங்களுக்கு எடை வருகிறது. இடிக்கும் இடமும் உண்டு. அந்த இரண்டரைக் கட்டைப் பகுதி வரும்போது கர்நாடகக் காது ‘சுருதி போச்சு’ என்று பதறும். கிரக பேதம் (அதே ஸ்வரங்களில் வேறொன்றை சட்ஜமாக வைத்து இன்னொரு ராகம் காட்டுவது) இல்லை அது, ஆதாரத்தையே தூக்கி வைத்தல். எட்டாம் ஆவர்த்தனத்தின் முடிவை எண்ணி எதிர்பார்த்துக் கேட்டால் பதற்றம் போய், அந்த ஏற்றத்துக்காகவே காத்திருக்கத் தோன்றும். கமகத்தைத் தேட வேண்டாம், கிடைக்காது.

தனி வாசிப்பில் டிரம்பெட் மைல்ஸ், சாக்ஸபோன் கோல்ட்ரேன், ஆடர்லி மூவருக்கும் இரண்டிரண்டு சுற்று, பியானோ பில் எவன்ஸுக்கு ஒன்று. புதிதாகக் கேட்பவர்களுக்கு இரண்டு சாக்ஸபோனும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஸ்டீரியோ பதிப்பில் வழி எளிது: கோல்ட்ரேன் இடது காதில், ஆடர்லி வலது காதில், டிரம்பெட் நடுவில். பஸ்ஸில் ஒற்றை இயர்பட் மாட்டிக் கேட்டால் இருவரில் ஒருவர் பெருமளவு காணாமல் போவார். அப்படிக் கேட்டுவிட்டு ‘வெறுமையா இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஒற்றை ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் மோனோ பதிப்பைத் தேடிப் போடலாம்.

‘ஆல் ப்ளூஸ்’ ஐந்து கட்டையில், அரிகாம்போதி நிழலோடு ஆறு எண்ணிக்கையில் அசைகிறது. லயப் பிரியரை இந்த ஆல்பத்துக்குள் இழுக்க நல்ல வாசல் இதுதான், முதல் பாட்டு அல்ல. ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ ராகமாலிகை மாதிரி. ஐந்து ஸ்வரக் கட்டுகள் வரிசையாக வரும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பது வாசிப்பவர் இஷ்டம். சங்கராபரணத்தில் தொடங்கி, நான்காவது கட்டில் வகுளாபரணத்தின் வாடை அடிக்கும்போது முழு அறையும் நிறம் மாறும். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ நல்ல ப்ளூஸ், அவ்வளவுதான். அதில் மட்டும் பியானோ வின்டன் கெல்லி.

இனி எந்தப் பிரதி என்பது. பிடித்த ஆல்பம் பற்றிய சண்டையில் இருவரும் வெவ்வேறு சுருதியில் கேட்டிருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை எல்பியின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகள். அன்று பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகவும் சுருதி ஏறியும் வரும். பழைய எல்பிகளில் முதல் பக்கம் இப்படித்தான், அரை ஸ்வரத்துக்கும் குறைவான ஏற்றம். பாதுகாப்புக்காக இன்னொரு இயந்திரத்தில் எடுத்த டேப் சரியாக இருந்ததால் 1992இல் வந்த தங்க சிடியில் இதைத் திருத்தினார்கள், 1997 முதல் வழக்கமான சிடியும் சரியாகிவிட்டது. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு கிடையாது.

வீட்டில் சோதிக்கத் தம்புரா ஆப் போதும். இரண்டு கட்டை வைத்து, சுருதி 440 ஹெர்ட்ஸில் (மேற்கத்திய A) இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ‘ஸோ வாட்’டின் முன்னுரை அரை நிமிடம் கழிந்து பாஸ் தன் வரியைத் தொடங்கும் இடத்தில் சேர்த்துப் போடுங்கள். ஒட்டி நின்றால் திருத்திய பதிப்பு. தம்புராவுக்கு மேலே அரித்துக்கொண்டு நின்றால் பழையது. இரண்டரைக் கட்டைப் பகுதி வருவதற்குள் ஆப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் காது வலிக்கும். எல்பியில் சோதித்தால் டர்ன்டேபிள் வேகம் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்தால் எல்லாமே இறங்கும். இரண்டாம் பக்கத்து ‘ஆல் ப்ளூஸ்’ ஐந்து கட்டையில் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அதற்கு நல்ல அளவுகோல்.

பழைய பிரதியில் வளர்ந்தவர்களுக்குத் திருத்தியது ‘சோம்பலாக’ இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, முப்பது வருடம் அந்த வேகத்தில்தான் விற்றார்கள்.

இரண்டு பிரதியையோ இரண்டு ஆல்பத்தையோ ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள். துளி சத்தம் கூடினாலும் ‘இதுதான் தெளிவு’ என்று காது சொல்லும். செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் ஆன் செய்து, ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

மலிவு எல்பி வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 1959 பதிவுகளுக்கான 50 ஆண்டு உரிமை ஐரோப்பாவில் 2009 முடிவில் தீர்ந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றாகி, மூல டேப்பைத் தொடாத பிரதிகள் நிறைய வந்துவிட்டன. கொலம்பியா, லெகசி, சோனி என்று எதுவும் இல்லாமல் ‘போனஸ்’ பாட்டு மட்டும் தாராளமாக இருந்தால் தவிர்க்கலாம்.

நம் ஓட்டு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வுக்கு. தவில் காதுக்காரர் ‘டைம் அவுட்’ என்றால் மறுக்கப் போவதில்லை, ‘ஆல் ப்ளூஸ்’ மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். சிடியாக வாங்கினால் ஐந்தாவது உருப்படி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆறாவதாக ஒட்டியிருப்பது ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ஸின் இன்னொரு டேக், அதை வேறொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.