பேடில் ஷிஃப்டருக்குப் புது வயரிங்: நான்கு வழிகளும் ஓர் ஆக்ஸ் கேபிளும்

குளச்சலில் என் வீட்டு மாடியறையில் நிற்கும் ரேசிங் சிமுலேட்டரின் ஸ்டீயரிங், ப்ளைவுட் பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு நானே செய்தது. சக்கரத்தின் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் நெம்புகள்தான் பேடில்கள்; அதன் வலப்பக்கப் பேடிலை ஒருமுறை இழுத்தால் மூன்றாம் கியரிலிருந்து நேரே ஐந்துக்குத் தாவும் நோய் சென்ற ஆனி மழையோடு தொடங்கியது. ஸ்விட்ச் மூடும்போது தொடுமுனைகள் துள்ளி ஒரே அழுத்தத்தைப் பலவாகக் காட்டுவதுதான் காரணம் என்று எண்ணி, அதைப் பொறுத்துக்கொள்ளும் நேரத்தை நிரலில் 5 மில்லிவினாடியிலிருந்து 30 ஆக உயர்த்திப் பார்த்தேன். நோய் குறைந்ததே தவிரத் தீரவில்லை. பிறகு மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பீப் நிலையில் வைத்து, பேடிலை ஒரு ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டிவிட்டு, சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லச் சுற்றியபோது, இடப்பக்கம் கால் சுற்று தாண்டியதும் ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. பேடில் அழுந்தியிருக்கும் நொடியில் வயர் விட்டுச் சேர்ந்தால் கணினிக்கு அது இரண்டு அழுத்தங்கள். தாவியதன் ரகசியம் அவ்வளவுதான். மீந்துபோன லேன் கேபிளிலிருந்து உருவிய ஒற்றைக் கம்பி வயரை, நாளெல்லாம் வளைந்து நிமிர வேண்டிய இடத்தில் போட்டது என் பிழை. அங்கே மெல்லிய இழைகள் பல கொண்ட வயர்தான் நிற்கும்.

வயரை மாற்றுவது என்று முடிவானபின், சுழலும் சக்கரத்திலிருந்து, ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் போர்டு இருக்கும் சுழலாத பெட்டிக்கு இணைப்பை எப்படிக் கடத்துவது என்ற கேள்வி வந்தது. சுருள் கேபிள், கார்களில் உள்ள க்ளாக் ஸ்ப்ரிங், ஸ்லிப் ரிங், வயர்லெஸ் ஆகிய நான்கும் வழக்கத்தில் உள்ள வழிகள்.

பலரும் முதலில் ஆசைப்படுவது ஸ்லிப் ரிங்குக்குத்தான், நானும் ஆசைப்பட்டேன். விரல் பருமனுள்ள உருளைக்குள் வளையங்களும் அவற்றின்மேல் உரசும் தொடுகம்பிகளும் இருப்பதால், சக்கரம் எத்தனை முறை சுற்றினாலும் வயர் முறுக்கிக்கொள்ளாது. ஆனால் நம் ஸ்டீயரிங்குகள் பெரும்பாலும் 900 பாகைக்கு அமைக்கப்படுபவை. நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் சுற்று மட்டுமே திரும்பும் பொருளுக்கு முடிவில்லாச் சுழற்சி எதற்கு என்று யோசிக்க வேண்டும். அதைப் பொருத்தத் தண்டு உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும் என்பது ஒரு தொல்லை. உரசும் இடத்தில் மின்தடை சுற்றச் சுற்ற ஏறி இறங்கும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. வெறும் ஸ்விட்ச் சைகைக்கு இது பெரிதாகப் பாதிக்காது. பல பொத்தான்களை வெவ்வேறு ரெசிஸ்டர்கள் வழியே ஒரே வயரில் அனுப்பி, மின்னழுத்த அளவைக் கொண்டு பிரித்தறியும் முறையில் மட்டும் அந்த ஏற்ற இறக்கமே ஒரு பொத்தானை இன்னொன்றாகக் காட்டிவிடும். யுஎஸ்பி தரவை மலிவான ஸ்லிப் ரிங் வழியே அனுப்புவதும் நல்லதல்ல. ஓட்டப் பந்தயத்தின் நடுவில் கணினி ‘சாதனம் துண்டிக்கப்பட்டது’ என்று மணியடித்தால் அந்தச் சுற்று முடிந்தது.

வயர்லெஸ் முறையில் தாமதம் மிகும் என்று பரவலாகச் சொல்வதை நான் ஒப்பவில்லை. ப்ளூடூத் லோ எனர்ஜியில் இரு சாதனங்களும் பேசிக்கொள்ளும் இடைவெளியை 7.5 மில்லிவினாடிவரை குறைக்கலாம், வினாடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படமே 16.7 மில்லிவினாடி நிற்கிறது. அதன் உண்மையான குறை பேட்டரி. சக்கரத்துக்குள் ஒரு லித்தியம் செல்லும் அதைச் சார்ஜ் செய்யும் வழியும் வேண்டும், ஓட்ட உட்காரும்போதெல்லாம் மீண்டும் இணைய வேண்டும். இரண்டு ஸ்விட்சுகளுக்கு இவ்வளவு ஏற்பாடு, கொசுவை அடிக்க உலக்கை எடுத்த கதைதான். சக்கரத்தை அடிக்கடி கழற்றி மாற்றுகிறவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

க்ளாக் ஸ்ப்ரிங் என்பது, ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு தட்டைப் பெட்டிக்குள் கடிகாரச் சுருள்போல் சுற்றி வைத்த நாடா வயர். ஹாரனும் ஏர்பேக்கும் காருடன் பேசுவது அதன் வழியேதான். இருபுறமும் ஒன்றேகால் சுற்றைத் தாங்க அதற்கு இடம் போதும், உரசல் கிடையாது, பழைய கார் உதிரிப் பாகங்களுக்குள் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது அந்தச் சுருள் பாகத்தை மட்டும் வாங்க வேண்டும். வெடிக்காத ஏர்பேக் தொகுதி பக்கத்தில் கிடந்தால் அதைத் தொடவே கூடாது. பொருத்துமுன் சுருளைச் சரியாக நடுநிலையில் நிறுத்தவும் வேண்டும். ஒரு சுற்றுத் தள்ளிப் பொருத்தினால் முதல் நாளே ஒரு பக்கம் நாடா அறுந்துவிடும். இயல்பில் இதுதான் ஆகச் சிறந்த வழி என்றாலும், அதை நம் தண்டின் அளவுக்கு மையம் தப்பாமல் பிடிக்கும் தகட்டை லேத்தில் செய்யக் கொடுக்க வேண்டியிருப்பதால் நான் பின்வாங்கினேன்.

மீதமிருப்பது சுருள் கேபிள். பழைய தரைவழித் தொலைபேசியின் ரிசீவர் வயரை வெட்டிப் பயன்படுத்த முதலில் முயன்றேன். அதன் உள்ளே நூலின்மேல் மெல்லிய செம்புத் தகடு சுற்றியிருக்கிறது. வளைவதற்கு அது அருமையானது, ஆனால் சால்டரிங் அயர்ன் பட்டால் நூல் கருகுகிறதே தவிர ஈயம் ஒட்டுவதில்லை. அரை நாள் அதோடு மல்லாடியபின், கார் ஆடியோவுக்கு விற்கும் சுருள் ஆக்ஸ் கேபிள் நினைவுக்கு வந்தது. அதன் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ முனையில் மூன்று தொடர்புகள் உள்ளன. இடப் பேடிலுக்கு ஒன்று, வலப் பேடிலுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு ஒன்று என்று கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. கேபிளை வெட்டவே வேண்டாம். சக்கரத்தில் ஒரு சாக்கெட்டும் பெட்டியில் ஒரு சாக்கெட்டும் வைத்து அவற்றுக்கு மட்டும் சால்டர் செய்தால் போதும்.

இதில் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் இருந்தது. மோட்டார் வைத்த ஸ்டீயரிங்கில் 900 பாகை எல்லையை மென்பொருள்தான் காக்கிறது. மின்சாரம் போன நேரத்தில் வீட்டுக் குழந்தை யாராவது சக்கரத்தைப் பம்பரமாகச் சுற்றினால் தடுக்க எதுவும் இல்லை. அப்போது க்ளாக் ஸ்ப்ரிங் அறுந்துவிடும், ஆனால் ஆக்ஸ் முனையோ இழுபட்டுக் கழன்று விழும், திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. செருகும் கணத்தில் தொடர்புகள் ஒன்றோடொன்று பட்டாலும் அங்கே 5 வோல்ட் இணைப்பு இல்லாததால், பொய்யாக ஒரு கியர் மாறுவதற்கு மேல் தீங்கில்லை. 5 வோல்ட்டையும் சேர்த்து நான்கு தொடர்பு முனையில் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், ஷார்ட் ஆகும்.

கழற்றி மாட்டும் சக்கரத்தின் தேவை மெய்யான பந்தயத்திலும் முதல் நாளே தெரிந்தது. பேடிலால் கியர் மாற்றும் ஃபார்முலா 1 காராக 1989இல் பிரேசிலில் களமிறங்கிய ஃபெராரி 640 முதல் போட்டியிலேயே நைஜல் மான்செல் கையில் வென்றது. ஆனால் போட்டிக்கு நடுவே, கார்களைக் கவனிக்கும் பிட் பகுதியில் நின்று அவருடைய ஸ்டீயரிங் சக்கரத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

மூன்று வயர் என்ற முடிவு, எந்த ஸ்விட்ச் என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறது. காந்தம் நெருங்குவதைத் தொடாமலே உணரும் ஏ3144 போன்ற ஹால் சென்சாருக்குத் தேய்மானமே இல்லை என்று புகழ்வார்கள். அதற்கு 4.5 வோல்ட்டுக்குக் குறையாத மின்சாரம் தனியாக வேண்டும் என்பதால் என் ஆக்ஸ் கேபிளுக்கு அது ஒத்துவராது. ஆர்டுயினோவுக்குப் பதில் 3.3 வோல்ட்டில் ஓடும் ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கும் அது சிக்கல்தான். சும்மா இருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் குடிப்பதால் பேட்டரிச் சக்கரத்துக்கும் அது ஆகாது.

மைக்ரோ ஸ்விட்ச் எளிது, ‘டக்’ என்ற உணர்வும் உண்டு. கடைக்காரர் கொடுக்கும் 5 ஆம்பியர் வகை உறுதியாகத் தோன்றினாலும் அதன் வெள்ளித் தொடுமுனைகள் பெரிய மின்னோட்டத்துக்கானவை. ஆர்டுயினோவின் உள்ளிருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்-அப் (ஸ்விட்ச் திறந்திருக்கும்போது சைகை வயரை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) வழியே போவது கால் மில்லி ஆம்பியரைத் தாண்டாது. முனைமேல் படரும் மெல்லிய படலத்தை உடைக்க அது போதாது. குளச்சலின் கடற்காற்றில் அந்தப் படலம் சீக்கிரமே வருகிறது. கழற்றிய என் பழைய மைக்ரோ ஸ்விட்சைப் பிளந்து பார்த்தபோது முனைகள் கறுத்திருந்தன. குலசேகரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் என் சித்தப்பா மகனின் சக்கரத்தில் அதே ஸ்விட்ச் கோளாறின்றி ஓடுகிறது. அங்கும் மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை, உப்புதான் இல்லை. கடலோரத்தில் மைக்ரோ ஸ்விட்ச்தான் வேண்டும் என்றால், சிறு மின்னோட்டத்துக்கென்றே செய்யப்படும் ஓம்ரான் டி2எஃப்-01 போன்ற வகையை வாங்கி, வெளியே 1 கிலோ ஓம் புல்-அப் ஒன்றும் சேர்க்கலாம்.

நான் வைத்தது ரீட் ஸ்விட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் மூடி அடைத்த இரண்டு நாக்குகள், காந்தம் நெருங்கினால் சேரும். உப்புக்காற்று உள்ளே புக வழியில்லை, தனி மின்சாரமும் தேவையில்லை. கால்களை மடக்கும்போது கண்ணாடி விரிசல் விடும் என்பதே அதன் பலவீனம். குழாயை ஒட்டிய இடத்தில் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு மடக்க வேண்டும். அந்தப் பயம் உள்ளவர்கள், கதவு திறந்தால் ஒலிக்கும் அலாரத்தின் பிளாஸ்டிக் சென்சாரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பதும் இதுதான். ‘டக்’ உணர்வுக்குப் பேடிலிலும் தகட்டிலும் ஒவ்வொரு நியோடைமியம் காந்தத்தை ஒட்டி, ஒன்றையொன்று விட்டுப் பிரிய வைத்தேன். இங்கே ஒரு விசித்திரமும் உண்டு: மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலில் உள்ள மோனசைட் தாதுவில் நியோடைமியமும் இருக்கிறது, அதே மணலின் இல்மனைட் துகள்களை இந்தக் காந்தம் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. கடற்கரையிலிருந்து வந்த கையோடு பேடிலைத் தொட்டால் காந்தத்துக்கு மீசை முளைத்துவிடும். செல்லோடேப்பால் ஒற்றி எடுத்தால் போய்விடுகிறது.

சக்கரத்தில் எட்டு, பத்துப் பொத்தான்கள் வைக்க நினைப்பவர்களுக்கு ஆக்ஸ் கேபிள் போதாது. அவர்கள் ப்ரோ மைக்ரோ என்னும் சிறிய ஆர்டுயினோ வகைப் போர்டையே சக்கரத்துக்குள் வைத்துச் சுருள் யுஎஸ்பி கேபிளை இழுக்கலாம், ஆனால் அந்தப் போர்டின் மைக்ரோ யுஎஸ்பி சாக்கெட் சிறு இழுப்புக்கே பெயர்ந்து வந்துவிடும் என்பதால், கேபிளைச் சட்டத்தில் கட்டிவிட்டுச் சாக்கெட்டைச் சுற்றிச் சூட்டுப் பசை ஊற்றியபின்தான் முதல் கியரைப் போட வேண்டும்.