ஏர் ஸ்க்ரூவை எதை நம்பி வைப்பது: கணக்கா, காதா, மீட்டரா, பிளக்கா?

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் ஏற்காடு, 1,500 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் 13 சதவீதம் போலக் குறைந்துவிடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால் கீழே சரியாக இருந்த மிக்ஸ்சர் (கலவை) மேலே ரிச் ஆகிறது, அதாவது பெட்ரோலின் பங்கு கூடிவிடுகிறது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட், முதல் தலைமுறை ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்கள் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் திருகாமல் ஓடும்) மிக்ஸ்சரை எந்த முறையில் வைக்கிறார்கள் என்பது இந்த ஊரில் கூடுதலாக முக்கியமாவது இதனால்தான்.

முறைகளை அலசும் முன், அந்த மிக்ஸ்சரை மாற்ற வண்டியின் கார்புரேட்டரில் இருப்பது எந்த ஸ்க்ரூ என்று பார்த்துவிட வேண்டும். ஸ்லைடுக்கும் (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் கதவு) ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் காற்று கூடி லீன் ஆகும், அதாவது பெட்ரோலின் பங்கு குறையும். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் கலவையை விடும் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் ரிச் ஆகும். இரண்டும் நேர் எதிர். இதைக் குழப்பிக்கொண்டு நாள் முழுக்கத் திருப்பினாலும் ஐடிலிங் சரியாகாது. கீழே சொல்வதெல்லாம் ஏர் ஸ்க்ரூவுக்கு. மற்றதற்குத் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு முறை: ஸ்க்ரூவை உள்ளே மெதுவாக முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து 1½ சுற்று வெளியே எடுப்பது. பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான். தொடங்குவதற்கு நல்ல இடம், முடிப்பதற்கு இல்லை. பெட்ரோல் வரும் துளையான ஜெட் தேய்ந்திருக்கும், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம் மாறியிருக்கும், ஃபில்டர் வேறாக இருக்கும். புது வண்டிக்குச் சொன்ன எண் முப்பது வருட வண்டிக்குப் பொருந்துவது தற்செயல்தான். முட்டிய பிறகு இன்னும் இறுக்கினால் ஸ்க்ரூவின் கூர்முனையில் வளையம் விழும், உட்காரும் இடமும் அகன்றுவிடும். பிறகு எந்த முறையும் உதவாது.

பிளக் நிறம்: நேராகச் சொன்னால், ஐடிலிங் மிக்ஸ்சருக்கு இது தவறான சாட்சி. ஓட்டி வந்து கழற்றிய பிளக்கில் தெரியும் நிறம் பெரும்பாலும், ஆக்ஸிலேட்டர் அதிகம் திறக்கும்போது பெட்ரோல் விடும் நீடிலும் மெயின் ஜெட்டும் தந்தது. ஏர் ஸ்க்ரூவின் ஆட்சி ஆக்ஸிலேட்டர் கால் பங்கு திறக்கும் வரைதான். 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்ட பிறகு, பழைய புத்தகங்கள் சொல்லும் அந்தக் காப்பிக்கொட்டை நிறமும் முன்போலத் தெளிவாக விழுவதில்லை. பிளக் கரிக்கட்டையாக இருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா என்று பார்க்கலாம். ¼ சுற்று வித்தியாசத்தை அதில் படிக்க முடியாது.

காது முறைதான் முதலில் கற்க வேண்டியது. வண்டியைப் பத்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்குங்கள். சோக் முழுக்க ஆஃப் ஆகியிருக்கட்டும். ஆக்ஸிலேட்டர் கேபிளில் 2–3 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கட்டும். ஸ்லைடைத் தூக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவை உள்ளே திருப்பி வேகத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூவை ¼ சுற்று வெளியே எடுத்து, பத்து விநாடி பொறுங்கள். பலர் பொறுப்பதில்லை, இன்ஜின் பதில் சொல்வதற்குள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறார்கள். வேகம் ஏறினால் இன்னொரு ¼. இறங்கத் தொடங்கியதும் திரும்பி வந்து உச்சத்தில் நிறுத்துங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி உச்சத்தைத் தேடுங்கள். கடைசியில் உச்சத்திலிருந்து ⅛ சுற்று உள்ளே, அதாவது ரிச் பக்கம். நூறு சிசி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1,200–1,400 சுற்று, புல்லட்டுக்கு 1,000-ஐ ஒட்டிய வேகம் போதும்.

டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) இல்லாத வண்டிகளுக்கு, பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் காதுக்கு நல்ல துணை. ஒரு எச்சரிக்கை: ஆர்எக்ஸிலும் ஸ்ப்ளெண்டரிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி. பாயின்ட் (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட்டில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. மீட்டரில் அதை மாற்றி வைக்காவிட்டால் பாதி எண்ணைக் காட்டும்.

உச்சம் எங்கே கிடைக்கிறது என்பதே ஒரு நோயறிதல். ½ சுற்றுக்குள்ளேயே கிடைத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை: ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டில் ஏர் லீக். நின்றே கிடந்த வண்டியில் பெரும்பாலும் ஜெட்தான். கார்ப் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மூன்று சுற்றுக்கு மேல் போனால் ஜெட் பெரிது, அல்லது ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் அதிகம். ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் மேலேயே தொங்கி மெதுவாக இறங்கினால் லீன். சட்டென்று விழுந்து, அணையப் போய் எழுந்தால் ரிச். காது முறைக்கு இருக்கும் இந்தச் சாதகம் வேறெதற்கும் இல்லை: எண்ணோடு காரணத்தையும் தருகிறது.

புகை மீட்டர்: புகைச் சான்றிதழ் மையங்களில் இருப்பது. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைக் காதால் வைத்துவிட்டு இதில் சரிபார்ப்பது மிக நல்ல பழக்கம். கார்பன் மோனாக்சைடு எல்லையைத் தாண்டினால் கொஞ்சம் லீன் பக்கம் போகலாம். சைலென்சர் மூட்டில் கசிவிருந்தால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத கலவை நேராகவே வெளியேறுவதால், ஹைட்ரோகார்பன் எண்ணைப் பார்த்து ஸ்க்ரூ திருப்பக் கூடாது. அப்படி லீன் ஆக்கிய ஆர்எக்ஸ் சான்றிதழ் வாங்கும், பிஸ்டனை இழக்கவும் தயாராகும்.

இனி மலை. ஏற்காட்டுக்குப் போய் மாலையே இறங்குபவர் எதையும் தொட வேண்டாம். மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடுவதால் மைலேஜ் குறையும், ஏரிப் பக்கம் நெரிசலில் நின்றால் ஐடிலிங் தடுமாறும், அவ்வளவுதான். நாலைந்து நாள் தங்குபவர் அங்கேயே சூடான இன்ஜினில் உச்சத்தைத் தேடலாம்; ¼ சுற்று வெளியே வரும் என்று எதிர்பார்க்கலாம். ஸ்லோ ஜெட்டைச் சிறிதாக்குவது மேலேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஏற்றத்தில் இழுவை குறைவதற்கு ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பயனில்லை. அங்கே ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் திறந்திருக்கும், வேலை செய்வது நீடிலும் மெயின் ஜெட்டும். மெல்லிய காற்றால் போன பவர் எந்த டியூனிங்கிலும் முழுக்கத் திரும்பாது.

ஒரே ஒரு செட்டிங்தான் வேண்டுமென்றால் அது சேலத்தில் வைத்ததாக இருக்கட்டும். ஏற்காட்டில் வைத்தது கீழே லீன் ஆகிவிடும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் யெஸ்டிக்கு இது இன்னும் கடுமை: ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது இன்ஜினுக்கு ஆயில் போவதே அந்த ஸ்லோ ஜெட் வழியாகத்தான். லீன் ஆன வண்டியில் அதுவும் குறையும். மேலே ஸ்க்ரூவைத் தொட்டிருந்தால் இறங்கத் தொடங்கும் முன்பே திருப்பிய அளவைப் பழையபடி உள்ளே வைத்துவிடுங்கள். வளைவுக்கு வளைவு ஒருமுறை ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்து மூடுங்கள்.