பிரிட்ஜுக்கு ஏன் கல்லு? மட்டக்களப்பில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு

மட்டக்களப்பில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? அதுவும் ஆடி, ஆவணி வெயிலில் தேடுகிறீர்களா? முற்பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். நான் 264,000 ரூபாய் கொடுத்தேன். மாதம் 22,000 வீதம் ஒரு வருடத்துக்கு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவில். மகள் உயர்தரம் படிக்க மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டில் ஒன்றரை வருடமாக இருந்தாள். 2024 ஆவணியில் எனக்கும் அங்கே வேலை மாற்றம் கிடைத்தது. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, பிள்ளையோடு இருப்போம் என்று மனைவி சொன்னாள். மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனோம்.

கச்சான் காற்று வீசுகிற காலம். வளவு முழுக்க வெள்ளை மணல், சுத்தமாக இருந்தது. வாவிப் பக்கம் என்பதால் குளிர்ச்சி. வளவில் இரண்டு தென்னை, ஒரு மா. ஒரு சத்தம் இல்லை. (ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் சத்தம் இருக்காதுதான். பின்மதிலுக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பட்டறை இருப்பது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தெரிந்தது. அது வேறு கதை, அந்த முதலாளி தங்கமான மனுசன்.)

“ஏரியா எப்படி அண்ணன்?” என்று புரோக்கரைக் கேட்டேன்.

“நல்ல ஏரியா சேர். எல்லாம் படிச்ச ஆக்கள். ரெண்டு டீச்சர், ஒரு பேங்க் ஆள். பயமில்லாம இருக்கலாம்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வீடு பார்க்கப் போகும் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தானே? பக்கத்தில் ஆர் இருக்கிறார்கள், என்ன ஆக்கள், கோயில் எது, குடிகாரர் தொல்லை உண்டா? எல்லாம் கேட்டேன். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டும் கேட்கவில்லை.

கண்ணுக்கு முன்னால் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். வீட்டுக்குள் சுவர் முழுக்க வெள்ளை, அடியில் முழங்காலுக்குச் சற்று மேல் வரை மட்டும் கரும்பச்சைப் பெயின்ற். புதிதாக அடித்தது, வாசம்கூடப் போகவில்லை. பிள்ளைகள் கால் வைத்தால் அழுக்குத் தெரியாது, நல்ல யோசனை என்று மனைவி பாராட்டினாள். பிளக் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. கீழே பழைய பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகச் சீமெந்து பூசியிருந்தது. சின்னப் பிள்ளைகள் கை விடாமல் இருக்க என்றார் புரோக்கர். முன்னால் கொங்கிரீட் போட்ட ஒழுங்கையில் இருந்து வாசலுக்கு மூன்று படி. ஏறும் படி இல்லை, இறங்கும் படி. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

பக்கத்து வீட்டு மாமி, அறுபது வயதிருக்கும், அன்றைக்கே தேத்தண்ணி தந்தா. அவவின் குசினியில் பிரிட்ஜ் இரண்டு புளொக் கல்லுக்கு மேல் நின்றது. தையல் மெசினும் கல்லின் மேல். அரிசி வாளி கட்டிலில். சுத்தபத்தமான மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

வந்து இரண்டு கிழமையில் முதல் விசயம் வெளியே வந்தது. வீடு பார்த்த அன்று குழாயைத் திறந்து குடித்துப் பார்த்தேன், தண்ணீர் இனிப்பாக இருந்தது. பிறகு சவர்த்தது. விசாரித்தால், குழாய்த் தண்ணீர் இணைப்பை நிலுவைக்காக எப்போதோ துண்டித்துவிட்டார்கள். மீற்றர் மட்டும் சுவரில் இருக்கிறது. நாங்கள் பார்க்க வருவதற்கு முதல் நாள் அடுத்த வீட்டிலிருந்து குழாய் போட்டு மேலே தாங்கியை நிரப்பி வைத்திருக்கிறார்கள். அது முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர், வாவியோரக் கிணறு. கொழும்பில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். “கட்டிடலாம் தம்பி, இந்த மாசம்” என்றார். கடைசியில் நிலுவையைக் கட்டியது நான்தான். வாடகையில் கழித்துவிடலாம் என்ற பேச்சு, பேச்சோடு நின்றது.

நவம்பர் முதல் கிழமை. வாடை தொடங்கி மூன்று நாள் விட்டு விட்டு மழை. மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா:

“என்ன தம்பி, பிரிட்ஜுக்கு இன்னும் கல்லு வைக்கல்லயா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஏன் மாமி முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கல்லயே. தெரிஞ்சுதான் வாறீங்க எண்டு நினைச்சன். முதல் இருந்த ஆக்களும் மார்கழியிலதான் போனவங்க. அதுக்கு முந்தி இருந்தவங்களும் அப்பிடித்தான்.”

உயர்தரப் பரீட்சை நவம்பர் 25, திங்கட்கிழமை தொடங்கியது. தாழமுக்கமும் அதே நாட்களில் வந்தது, கிழக்கில் எல்லோருக்கும் நினைவிருக்கும். செவ்வாய் பின்னேரம் தண்ணீர் ஒழுங்கையிலிருந்து அந்த மூன்று படியால் இறங்கி வந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு உள்ளே கணுக்கால். கக்கூஸ் குழி நிறைந்து அது ஒரு பக்கம். மகள் தன் கொப்பிகளை அலுமாரிக்கு மேல் அடுக்கிவிட்டு, கட்டிலில் டோர்ச்சோடு குந்தியிருந்து படித்தாள். விடியும்போது ஒழுங்கைப் பெடியன்கள் நாலு பேர் வந்து என் அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். புரோக்கர் சொன்ன அந்த ஒன்று பொய்யில்லை, ஆக்கள் நல்ல ஆக்கள்தான். 27ஆம் திகதியிலிருந்து பரீட்சையை இடைநிறுத்தினார்கள், டிசம்பர் 4இல் மறுபடி தொடங்கினார்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்த மழையில் கிடைத்த ஒரே தயவு அது.

நான்கு நாள் கழித்து உள்ளே போனேன். சுவரில் சேற்றுக் கோடு. கரும்பச்சை முடியும் இடத்துக்கு நாலு விரல் கீழே, அளவெடுத்தது போல. அந்தப் பெயின்றை அடித்தவருக்குத் தண்ணீர் எவ்வளவு வரும் என்று நன்றாகத் தெரியும்.

ஏன் அந்த வீட்டுக்குள் மட்டும் இவ்வளவு என்று மாமியின் மகன் விளங்கப்படுத்தினான். ஒழுங்கைக்கு ஒவ்வொரு முறை கிறவலும் கொங்கிரீட்டும் போடும்போதும் வீதி உயர்ந்தது, பழைய வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றவர்கள் வளவுக்கு மண் போட்டு உயர்த்திவிட்டார்கள். வடிகான் முன்பு கீழே இருந்த சதுப்பில் போய் விழும். இப்போது அந்தச் சதுப்பை நிரப்பி யாரோ மதில் கட்டியிருக்கிறார்கள், வடிகான் மதிலில் போய் முட்டி நிற்கிறது. மழை விட்டாலும் உடனே வடியாது. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் வாவிக்குத்தான் வரும். பாலமீன்மடுப் பக்கம் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டு வாவி இறங்கினால்தான் அந்த வளவும் இறங்கும். எங்கள் வளவில் தண்ணீர் இரண்டு கிழமை நின்றது. கிணற்றுக்குக் குளோரின் போட்டும் அந்த வாசம் போகவில்லை.

காசு விசயம். டிசம்பரில் வீட்டை விட்டோம். மிச்சம் எட்டு மாதக் காசு, 176,000, திருப்பித் தாருங்கள் என்றேன். “மழைக்கு நான் என்ன செய்யிற தம்பி? வெள்ளம் வராத இடம் மட்டக்களப்பில எங்க இருக்கு?” என்றார் வீட்டுக்காரர். பிறகு போன் எடுப்பதே இல்லை. புரோக்கர் நம்பரை மாற்றிவிட்டார்.

கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, புரோக்கரே எழுதித் தந்தது. சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும், 1840ஆம் ஆண்டிலிருந்தே அதுதான் சட்டம் என்றார். இந்தத் தாள் குத்தகையாக நிற்காது, காசு கொடுத்ததற்குச் சாட்சியாக வேண்டுமானால் பயன்படும். அந்தச் சாட்சியோடு மத்தியஸ்த சபைக்குப் போனேன். இரண்டு தவணை அவர் வரவில்லை. மூன்றாவது தவணைக்கு வந்து 90,000க்கு இணங்கினார். 50,000 தந்தார். மிச்சம் 40,000 இதை எழுதும்வரை வரவில்லை.

அடுத்த வீட்டைத் தை மாதத்தில், மழை முழுதாக விடாத ஒரு நாளில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்ப்பதற்கு முன் மதிலின் அடியைப் பார்த்தேன், பாசி எந்த மட்டில் நிற்கிறது என்று. சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஆர் ஆர் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்குவது என்று கேட்டேன். கடைக்காரர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொன்னார். கிராம உத்தியோகத்தரிடமும் அதையே கேட்டேன். நிவாரணப் பட்டியல் எழுதுகிறவர் அவர்தானே, எந்த வீடு எந்த வருடம் என்று அவருக்கு மனப்பாடம். இரவு எட்டு மணிக்கு ஒரு தரம், வேலைநாள் காலையில் ஒரு தரம் போனேன். முன்பு குடியிருந்தவர்களின் நம்பரை வாங்கிப் பேசினேன். தர மறுத்த ஒரு வீட்டுக்காரரின் வீட்டை அதோடு விட்டுவிட்டேன். தண்ணீர், கரண்ட் பில்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அக்கம்பக்கத்துக் குசினிகளையும் எட்டிப் பார்த்தேன், அது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான். பிரிட்ஜ் எல்லாம் தரையில் நின்றது.

போன ஆடியில் அந்தப் பழைய ஒழுங்கையால் வந்தேன். மாமிக்கு மகளின் றிசல்ட்ஸ் சொல்லிவிட்டு வரப் போனது. பழைய வீட்டு வாசலில் “வாடகைக்கு” என்று மட்டை தொங்குகிறது, கீழே புது நம்பர். கதவு திறந்திருந்தது, உள்ளே ஒரு பெடியன் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். மேலே வெள்ளை. கீழே, முழங்காலுக்குச் சற்று மேல் வரை, இந்த முறை நீலம்.