வைகைக்குள் இறங்குவதா, வைகையைக் கடப்பதா?

சித்திரைத் திருவிழாவை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் அழகரிடமே சிக்கல் தொடங்கிவிடும். ‘அக்ராஸ் தி ரிவர்’ என்றால் அவரை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். அவர் ஆற்றில் இறங்குகிறார். எனவே ‘இன்டு தி ரிவர்’.

‘இன்’, ‘இன்டு’ இரண்டில் நாம் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ‘கோயிலுக்குள் நடந்தார்’ என்பது நுழைந்ததையும் குறிக்கும், உள்ளே உலவியதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘வாக்ட் இன்டு’ என்றால் நுழைந்தார். ‘வாக்ட் இன் தி டெம்பிள்’ என்றால் பெரும்பாலும் உள்ளேயே உலவினார். ‘என்டர்’ என்று சொல்லிவிட்டால் கோயிலுக்கு ‘இன்டு’ தேவையில்லை. ‘ரீச்ட் டு மதுரை’யில் உள்ள ‘டு’வும் நம் ‘மதுரைக்கு’ ஒட்டிவிட்ட வால்தான்.

அடுத்தது ‘வழியாக’ என்ற சொல் தரும் தொல்லை. வைகைமேல் உள்ள ஏ.வி. பாலம் வழியாகப் போவதைப் பலர் ‘த்ரூ தி பிரிட்ஜ்’ என்கிறார்கள். கேட்பவருக்குப் பாலத்தின் உடம்பைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். ‘ஓவர்’, ‘அக்ராஸ்’ இரண்டும் சரி. கரைவிட்டுக் கரை சேர்வதைச் சொல்வதால் எனக்கு ‘அக்ராஸ்’ பிடிக்கும். வறண்ட வைகை மணலில் நடந்து அக்கரை போனாலும் அதேதான். ஆற்றில் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்று இலக்கணம் கேட்பதில்லை! இடுப்பளவு நீரைத் தள்ளிக்கொண்டு நடந்தால் மட்டும் ‘த்ரூ தி வாட்டர்’ என்பது பொருந்தும். நம்மைச் சுற்றி ஏதாவது சூழ்ந்திருக்க வேண்டும் என்பதே ‘த்ரூ’வின் நிபந்தனை. கோபுர வாசல், திருவிழா நெரிசல், ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்களின் இடைவெளி எல்லாம் அதற்குரியவை.

மாசி வீதியின் நீளத்துக்கு நடந்தால் ‘அலாங்’, குறுக்கே கடந்தால் ‘அக்ராஸ்’. வழி கேட்ட பயணியிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய் நிற்பார்.

மாட்டுத்தாவணிக்குப் போகும் பஸ்ஸுக்கு ‘டு’. அந்தத் திசையில் போய்ப் பாதியிலேயே திரும்பிவிடும் பஸ்ஸுக்கு ‘டுவர்ட்ஸ்’. ‘டு’ போய்ச் சேர்வதைச் சொல்கிறது. ‘டுவர்ட்ஸ்’ திசையை மட்டும் காட்டுகிறது.

தமிழில் பஸ்ஸிலும் ஏறுகிறோம், ஆட்டோவிலும் ஏறுகிறோம். ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு ‘கெட் ஆன்’, ஆட்டோவுக்கு ‘கெட் இன்’. உள்ளே எழுந்து நடமாட இடமிருந்தால் ‘ஆன்’, குனிந்து புகுந்து உட்கார வேண்டுமென்றால் ‘இன்’ என்று வைத்துக்கொள்ளலாம். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். இறங்கும்போது முறையே ‘ஆஃப்’, ‘அவுட் ஆஃப்’. சைக்கிளுக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. அதனால் அதற்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’தான்.