"எஃப்டி வட்டி கம்மி மேம்"னு போன் வந்தா ஒரு நிமிஷம் இதைப் படிங்க

போன வாரம் பேங்க்லேருந்து ஒரு போன். புதுப் பையன் குரல், ஆனா பழைய டயலாக். "மேம், ரெப்போ ரேட்ட குறைச்சிட்டாங்க, எஃப்டி ரேட் இறங்கிட்டே இருக்கு, பணம் சும்மா தூங்குது, நல்ல குரோத் ஃபண்டு ஒண்ணு இருக்கு." (ரெப்போன்னா ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி.) நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே வார்த்தைய நம்பித்தான் நான் மாட்டுனேன், அதான் எழுதறேன். பேங்க் பேரு கேக்காதீங்க, போட மாட்டேன்.

2021 நவம்பர்ல 8 லட்சம் எஃப்டி மெச்சூர் ஆச்சு. பொண்ணு அப்ப பிளஸ் டூ, அடுத்த வருஷம் காலேஜ் ஃபீஸுக்குனு எடுத்து வெச்ச காசு, அதை அந்த ரிலேஷன்ஷிப் மேனேஜர்கிட்ட வாய விட்டே சொன்னேன். ரெப்போ அப்ப 4%, எஃப்டிக்கு அஞ்சு சொச்சம்தான் தந்தாங்க, அது பொய் இல்ல. அவரு ஒரு ஷீட்ட எடுத்து முன்னாடி வெச்சாரு, அமெரிக்க டெக் கம்பெனிகள்ல போடற ஃபண்டாம், அஞ்சு வருஷ ரிட்டர்ன் மேல மட்டும் மஞ்சள் ஹைலைட்டர். ஓரத்துல அரை வட்டமா ரிஸ்க் மீட்டர் இருந்துச்சு, ஒரிஜினல்ல முள்ளு கடைசி சிவப்புல நிக்கும், ஆனா எனக்குக் குடுத்தது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ், எல்லாமே ஒரே சாம்பல். ஓடிபி வந்ததும் "குடுங்க மேம், நானே போட்டுர்றேன்"னு போனை வாங்கித் தட்டிட்டாரு. நானும் குடுத்தேன் பாருங்க.

அவரு சொல்லாம விட்ட விஷயம் இதுதான். பத்து வருஷம் கழிச்சு 100 ரூபா தர்றேன்னு ஒருத்தர் சொன்னா இன்னிக்கு அதுக்கு எவ்வளவு குடுப்பீங்க? வட்டி 4% இருந்தா சுமார் 68 ரூபா, அதே வட்டி 8% ஆனா 46 ரூபாதான். அடுத்த வருஷமே வரப்போற 100 ரூபான்னா 96லேருந்து 93க்குத்தான் இறங்கும், பெரிய அடி இல்ல. குரோத் ஷேர்ங்கறது பெரிய லாபம் எல்லாம் தூரத்துல வரும்னு நம்பி இன்னிக்கே விலை குடுக்கறது, அதனால வட்டி ஏறுனா முதல் அடி அதுக்குத்தான். வட்டி கம்மின்னு சொல்லி வித்தாரே, அந்தக் கம்மி வட்டியாலதான் அந்த ஷேர் எல்லாம் அவ்வளவு உசரத்துல நின்னுச்சு!

வட்டி ஏறப்போவுதுன்னு அப்பவே பேப்பர்ல வந்துட்டிருந்துச்சு, விலைவாசி ஏறுனா அதை அடக்க வட்டிய ஏத்துவாங்க இல்ல. அந்த மாசமே அமெரிக்காவுல பணவீக்கம் 6.2%னு அறிவிச்சாங்க, நவம்பர் 30 அன்னிக்கு பெடரல் ரிசர்வ் (அவங்க ஊரு ரிசர்வ் பேங்க்) தலைவர் பவலே இதை இனி தற்காலிகம்னு சொல்ல வேண்டாம்னுட்டாரு. 2022 மார்ச்ல ஏத்த ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள கிட்டத்தட்ட பூஜ்யத்துலேருந்து 4.25-4.50க்குப் போயிட்டாங்க, டெக் கம்பெனிங்க நிறைய இருக்கற நாஸ்டாக் இண்டெக்ஸ் அந்த வருஷம் மூணுல ஒரு பங்கு காலி. நம்ம ரிசர்வ் பேங்கும் மே 4 அன்னிக்கு திடீர்னு கூட்டம் போட்டு ரெப்போவ 4.40 ஆக்குனாங்க, 2023 பிப்ரவரில 6.50. என் வீட்டு லோனும் ரெப்போவோட கட்டுனதுதான், இஎம்ஐய ஏத்தாம மாசத்த நீட்டி வுட்டாங்க, அது தனி அழுகை.

நடுவுல 2022 பிப்ரவரில அந்த மேனேஜருக்குப் போன் பண்ணி புலம்புனேன். "இன்னும் ரெண்டு லட்சம் போடுங்க மேம், ஆவரேஜ் ஆயிடும்"னாரு, அதாவது இறங்குன விலைக்கு இன்னும் வாங்குனா சராசரி விலை குறையுமாம். போடலாம்னு போனா ஃபண்டுங்க வெளிநாட்டுல முதலீடு பண்ற லிமிட் முடிஞ்சிருச்சுன்னு புதுப் பணம் வாங்கறதயே நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்த ரெண்டு லட்சம் தப்பிச்சது அதனாலதான், என் புத்தியால இல்ல.

அக்டோபர்ல ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்து மூணரை லட்சம் வேணும். 8 லட்சம் 5 லட்சத்து 60 ஆயிரமா நிக்குது, டாலர் 74லேருந்து 82க்கு ஏறுனதாலதான் அதுவாச்சும். அஞ்சு லட்சத்துக்கு வாங்குன யூனிட்ட மூணரைக்கு வித்தேன். வருஷம் முடிய ஒரு மாசம் பாக்கின்னு 1% எக்சிட் லோடு வேற, சீக்கிரமா வித்ததுக்குப் பிடிக்கற காசு.

எழுத்துல கம்ப்ளெயின்ட் குடுத்தேன், அந்த ஆளு அதுக்குள்ள வேற ஊருக்கு மாறிட்டாரு. பதிலோட ஒரு காப்பி வந்துச்சு, ரிஸ்க் ப்ரொஃபைல்ல "அக்ரஸிவ்" (நிறைய ரிஸ்க் எடுக்கத் தயார்னு அர்த்தம்), எத்தனை வருஷம்ங்கற இடத்துல "5க்கு மேல்"னு டிக். நான் போட்ட டிக் இல்ல, ஆனா கீழ இருக்கறது என் கையெழுத்து, ஓடிபியும் என் போனுக்கு வந்தது. அதுக்கு மேல என்னத்த சண்ட போடறது.

அதனால சொல்றேன், ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல வேணுங்கற காசை இதுல போடாதீங்க, எவ்வளவு ஹைலைட்டர் அடிச்சுக் காட்டுனாலும் சரி. ஃபார்ம்ல டிக்க நீங்களே போடுங்க, போனைக் கையில குடுக்காதீங்க. ரெகுலர் பிளான்னா, அதாவது பேங்க் மாதிரி நடுவுல ஒருத்தர் மூலமா வாங்கறதுன்னா, அவங்களுக்கு வருஷா வருஷம் கமிஷன் உங்க காசுலேருந்துதான் போவும், இது எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. "வட்டி திரும்ப ஏறுனா இந்த ஃபண்டு என்னாகும்"னு கேளுங்க. போன வாரம் பேசுன தம்பிகிட்ட கேட்டேன், "லாங் டெர்ம்ல நல்லா இருக்கும் மேம்"னாரு.

ஃபண்டைத் திட்டல நான். விக்காம விட்ட மீதி யூனிட் 2024ல போட்ட விலையத் தாண்டிருச்சு. ஃபீஸுக்குன்னு வித்தேனே, அது போனது போனதுதான்.